சவலை

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலிற் கிணற்றடிக்குச் சென்று கைகால் கழுவுவார்கள். பின்பு அறைவாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மூக்குத் தாய்வழியா, தந்தைவழியா என்னும் வழக்கு விசாரிக்கப்பட்டு ஒருவாறு தீர்ப்பும் வழங்கப்படும். கொண்டுவந்த சவர்க்காரத்தையும் சட்டையையும் கட்டிலோரத்தில் வைத்தாயிற்று. இனிப் புறப்பட வேண்டியதுதான். அப்பொழுதுதான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூத்த பிள்ளை அவர்கள் கண்ணிற் படும். அதன் கன்னத்தைக் கிள்ளி, "தம்பியை நாங்கள் கொண்டு போகட்டோ?" என்று கேட்பார்கள். இக்கேள்வியைக் கேளாது எங்கள் படலையைத் தாண்டிய ஒருவரையும் நான் கண்டிலேன்.

என் பேத்திக்கு வயது நான்கு. அவள் கூறிய மறுமொழி இது: "கொண்டு போங்கோ. ஏணையையும் அவிட்டுக்கொண்டு போங்கோ."

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பத்து நாள் கழிந்த பின்னர் அச்சிரிப்பு எனக்குக் கசந்தது. அதன் காரணத்தை ஒளிக்காமற் சொல்லிவிடவே இதனை எழுதுகின்றேன்.

என் மகள் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கும் தாய்வீடே வேண்டுமென்று ஏழாம் மாதம் மூத்தவளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டாள். நமது நாட்டிலே அரசாங்கச் சேவையிலுள்ள தாய்க்குப் பிள்ளைப்பேற்றின் பொருட்டு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை உண்டு. தந்தைக்கு 3 நாள். மருமகன் அந்த மூன்றிலொன்றைப் பேருந்திலும், மற்றொன்றை ஆஸ்பத்திரி வாசலிலும் கழித்து, எஞ்சிய ஒன்றிலே மகனை இருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூத்த பிள்ளைக்கோ ஒரு நாள் விடுமுறைதானும் இல்லை. "அக்கா" என்னும் உத்தியோகம் விண்ணப்பியாமலே அவளுக்கு வந்து சேர்ந்தது. அன்றே கடமையை ஏற்கவேண்டும். சத்தம் போடலாகாது, கட்டிலில் ஏறலாகாது, அழலாகாது. "நீ இப்ப பெரியபிள்ளை" என்பதே நியமனக் கடிதம். முதல்நாள் மாலைவரை அவள் சிறுபிள்ளையாகத்தான் இருந்தாள் என்பதை வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

பிரசவ விடுதிக்குட் சிறுவரை விடுவதில்லை. ஆகவே இரண்டு இரவுகள் தாயில்லாமல் அவள் என் மனைவியின் அருகே படுத்தாள். பிறந்தது தொட்டு அவளுக்கு அதுவே முதற் பிரிவு. மூன்றாம் நாள் கார் வந்து முற்றத்தில் நின்றதும் ஓடினாள். ஓடிய வேகத்திலே பாதிவழியில் நின்றுவிட்டாள். தாய் வந்தாள்தான், ஆனால் தாயின் இரண்டு கையும் நிறைந்திருந்தன.

பிறகு வீடு முழுவதும் அந்த ஓர் அறையைச் சுற்றியே சுழன்றது. ஒருபுறம் மிளகும் சீரகமும் மல்லியும் வறுபடும் மணம். மறுபுறம் வேப்பிலை அவிந்த வெந்நீரின் ஆவி. பாற்சுறா தேடி நான் சந்தைக்கு நடந்தேன். உள்ளி உரிப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டியிருந்தது. பச்சை உடம்புக்காரி என்று மகளுக்குப் பத்தியம் பார்த்த என் மனைவி, மூத்தவள் உறக்கத்திற் கால் உதறுவாள் என்று அவளை அறைக்குள்ளே படுக்கவும் விடவில்லை. இவற்றில் எதனையும் குறைகூற நான் வரவில்லை. எல்லாம் அன்பினாலே செய்தவை. அந்த அன்பிலே அவளுக்குப் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

அவள் மழலை பேசத் தொடங்கினாள். இரண்டு வயதிலே விட்ட பாற்போத்தலைக் கேட்டாள். இரவிலே பாயை நனைத்தாள். அதற்காகப் பேச்சு வாங்கினாள். சோற்றைக் குழைத்துக் கோப்பையிலே கோலமிட்டுவிட்டு எழுந்து போனாள். "குழப்படி கூடிப்போச்சு" என்று என் மனைவி ஒரே சொல்லிற் சொல்லிவிட்டாள்.

பத்தாம் நாளளவில் எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது வந்தார். வளையிலே தராசைக் கொழுவிக் குழந்தையை நிறுத்து, அதன் வளர்ச்சிப் பதிவேட்டிலே புள்ளியிட்டார். தண்ணீர் ஒரு துளியும் கொடுக்கலாகாது, ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும் என்று என் மனைவியைப் பார்த்து அழுத்திச் சொன்னார். வசம்பு உரைத்துக் கொடுப்பதற்கு ஆயத்தமாயிருந்த என் மனைவி வேறுபக்கம் பார்த்தாள். அவ்வேளை மூத்தவள் அறைக்குள் ஓடினாள். தாயின் பயணப்பையைக் கிளறித் தனது பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னையும் நிறுங்கோ."

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. புத்தகத்தை மரியாதையோடு வாங்கினார்; அவளையும் நிறுத்தார். முன்னைய புள்ளியைப் பார்த்தார், மறுபடியும் நிறுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் இருந்ததினும் அரைக் கிலோகிராம் குறைந்திருந்தது. "பிள்ளை சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

அன்று மத்தியானமே அது நடந்தது.

வீடு அயர்ந்திருந்தது. நான் சாய்மனைக் கதிரையிலே பத்திரிகையுடன் கிடந்தேன். கிணற்றடியிலிருந்து தொப்பென்று ஓர் ஒலி கேட்டது. சிறிது பொறுத்து மற்றொன்று. எழுந்து போய்ப் பார்த்தேன். துவைகல்லின்மேல் ஏறி நின்று, கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்து எட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் கிலுகிலுப்பை போய்விட்டது. சவர்க்காரப் பெட்டியும் போய்விட்டது. அவளுடைய சொந்தச் செருப்பொன்றும் போய்விட்டது; மற்றது கையிலிருந்தது. என் நெஞ்சு நின்றுவிட்டது. ஓடிச்சென்று இடுப்பிலே பிடித்து இறக்கினேன். அவள் திமிறவில்லை. அமைதியாகக் கேட்டாள்:

"தம்பியைப் போட்டாலும் இப்பிடித்தான் சத்தம் கேக்குமோ, அம்மப்பா?"

அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியனாக இருந்தவன். என் பேத்தியின்மீது அதற்குமுன் ஒருநாளும் கை வைத்ததில்லை. அவள் அழாமல் நின்றாள். அந்த அழாமை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் கண்டவர் அயல்வீட்டு ஆச்சி. எண்பது கடந்தவர். பொட்டினூடாக வந்து, பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பிள்ளை சவலை பாய்ஞ்சு போச்சு. பாத்துக்கொண்டிருக்கிறியளே?"

சவலை! எத்தனை முறை வகுப்பறையிலே உச்சரித்த சொல். யாப்பிலக்கணம் கற்பித்தவர்களுக்குச் சவலை வெண்பாவைத் தெரியும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி நாற்சீர் பெறும். அந்த நாலாவது சீரே தனிச்சொல். அது இல்லாமல், இரண்டாம் அடியும் ஈற்றடியைப் போல முச்சீராய்க் குன்றி, இரண்டு குறள் வெண்பாக்களை ஒட்டவைத்தாற்போல நிற்பது சவலை வெண்பா. இதனைக் கரும்பலகையில் எழுதி, அலகிட்டுக் காட்டி, பரீட்சையில் வினாவாகவும் கேட்டிருக்கின்றேன். ஆனால் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவனல்லன். தாய் மறுபடி கருவுற்றதனாலோ, இளையது பிறந்ததனாலோ பால் மறுக்கப்பட்டு மெலிந்த குழந்தையைத்தான் தமிழர் சவலை என்றனர். வெண்பாவுக்கு அப்பெயரை இட்டவன் அப்படியொரு குழந்தையை அருகிலிருந்து கண்டவனாகத்தான் இருக்கவேண்டும். உருவிலே அது வெண்பாதான், தளையும் தட்டவில்லை. தனிச்சொல் ஒன்றுதான் போய்விட்டது.

இச்சொல்லுக்கு உடன்பிறந்த சொல்லொன்று ஆபிரிக்காவிலே உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டிலே பணியாற்றியவர். கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம்மாறி இறந்துகொண்டிருந்த சிறுவரை அவர் கண்டார். பெரும்பாலும் அவர்கள் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு, சோளக்கஞ்சியில் விடப்பட்டவர்கள். அந்நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று அவர் கேட்டார். கா மொழியிலே அவர்கள் சொன்ன பெயர் "குவாஷியோர்க்கர்": அடுத்த பிள்ளை பிறந்தபோது இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1935ஆம் ஆண்டு லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் அவர் அப்பெயருடனேயே கட்டுரை எழுதினார். இன்று உலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் அது நிலைத்துவிட்டது. ஒன்றையொன்று அறியாத இரு சாதியார், ஒரே துயரத்துக்குத் தனித்தனியே பெயர் வைத்திருக்கின்றனர். தாய்மார் எங்கும் கண்டறிந்திருந்த ஒன்றை வைத்தியம் கேட்டு எழுதிக்கொண்டது என்பதே சரி.

நிற்க. என் பேத்திக்குப் பாலும் சோறும் குறைவில்லை. முட்டையும் மீனும் தட்டிலே இருந்தன. அவள் உண்ணவில்லை, அவ்வளவே. ஆதலால், ஆச்சி சொன்ன சவலை வயிற்றிலே தொடங்கியதன்று.

கிணற்றிலே பொருளைப் போட்ட செய்கைக்கு ஒரு பெரிய இடத்து முன்மாதிரியும் இருந்தது என்பதைப் பின்னர்தான் நினைத்துக்கொண்டேன். ஜேர்மன் மகாகவி கெதே தமது வாழ்க்கை வரலாற்றின் முதற்பகுதியை 1811இல் வெளியிட்டார். பிராங்க்போட் நகரத்து வீட்டிலே, சிறுவனாயிருந்தபோது, விளையாட்டுச் சட்டி பானைகளை ஒவ்வொன்றாகத் தெருவில் எறிந்து உடைத்ததையும், எதிர்வீட்டார் உற்சாகப்படுத்தித் தூண்டவே குசினிக்கு ஓடிச்சென்று உண்மையான கோப்பைகளையும் கொண்டுவந்து எறிந்ததையும் அதிலே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். சிக்மண்ட் புரொயிட் 1917இல் இதனை எடுத்து ஆராய்ந்தார். கெதேக்கு மூன்று வயதாகும்போது ஒரு தம்பி பிறந்தான். அத்தம்பி ஆறு வயதில் இறந்துபோனான். வெளியே எறியப்பட்டவை சட்டி பானைகளல்ல, அந்தத் தம்பியே என்பது புரொயிட்டின் துணிபு. அவர் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்பவன் நானல்லன். ஆயினும் கிணற்றடியிலே என் காதால் நான் கேட்ட கேள்விக்குப் பின்னர், அந்தக் கட்டுரையைப் பார்த்து முன்போலச் சிரிக்க எனக்கு முடியவில்லை. கெதேயை உற்சாகப்படுத்தவாவது எதிர்வீட்டார் இருந்தார்கள். என் பேத்திக்குக் கிடைத்தது என் கை.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் தலைமகனே. எனக்கு மூன்று வயதிலே தங்கை பிறந்தாள். அக்காலத்திலே மூத்ததை அம்மம்மா வீட்டிலே விட்டுவிடுவது வழக்கம்; என்னையும் விட்டார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்தேன். குறையொன்றுமில்லை, பனங்கிழங்கும் பாலப்பமும் கேட்டபோதெல்லாம் கிடைத்தன. திரும்பி வந்தபோது, என் தாயை எப்படி அழைப்பதென்று தெரியாமல் வாசலில் நின்றது நினைவிருக்கிறது. தங்கை அவரை "அம்மா" என்று அழைத்தாள். அது அவளுடைய சொல் என்று எனக்குத் தோன்றியது. அறுபத்தைந்து வருடமாக இதனை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நமது புலவர்கள் குழந்தையைப் பாடியது போல வேறெவரும் பாடியிருக்க மாட்டார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று மாதக் கணக்கிட்டுப் பத்துப் பருவம் வகுத்தனர். மூன்றாம் மாதத்திலே தொடங்கும் பிள்ளைத்தமிழ் இருபத்தோராம் மாதத்தளவில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அடுத்த பிள்ளை வருவதும் அதன் பின்னர்தான். பாட்டுடைத் தலைவன் அப்பொழுது விறாந்தையில் நிற்பான். அவனைப் பாட யாரும் இல்லை. புராணத்திலும் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவர் இளையவரே. மூத்தவர் இருந்த இடத்திலிருந்தே பழத்தைப் பெற்றுக்கொண்டார். வீடுகளிலே நான் காண்பது இதற்கு மறுதலை.

அன்று மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அடித்ததையும் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். "கொண்டு வாங்கோ அவளை" என்றாள். என் மனைவி கால் உதறுவதைப் பற்றி எடுத்தாள். "உதறட்டும் அம்மா" என்றாள் மகள். அன்றிரவு மூத்தவள் தாயின் மறுபுறத்தே படுத்தாள்.

அதன் பிறகு நடந்தவை பெரிய காரியங்களல்ல. முதலில் நாங்கள் செய்தது தவறான வைத்தியம்: அவளை உதவிக்கு அழைத்தோம். துணி எடுத்துத் தா, பவுடர் எடுத்துத் தா, ஏணையை ஆட்டு. எல்லோரும் சொல்லும் யோசனை இதுதான். இரண்டு நாள் உற்சாகமாக ஓடியாடினாள். மூன்றாம் நாள், துணியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று, "குடுத்திட்டன். இனி நான் என்ன?" என்று கேட்டாள். எடுபிடி வேலை ஒரு பிள்ளைக்கு இடமாகாது.

இடம் வேறுவிதமாக வந்தது. பொழுதுபடும் நேரத்திலே குழந்தை ஒரு நித்திரை கொள்ளும். அந்தப் பதினைந்து நிமிடம் கதவு சாத்தப்படும்; உள்ளே தாயும் மூத்தவளும் மட்டும். ஒரே கதைதான் நாள்தோறும் நடந்தது: திருகோணமலையிலே ஒரு மார்கழி மாத மழையிரவில் அவள் பிறந்த கதை. எவ்வளவு தண்ணீர் நின்றது, ஓட்டோ எந்த இடத்திலே நின்றுபோயிற்று, அப்பாவின் குடையைக் காற்று எப்படிக் கொண்டுபோயிற்று, அவள் முதலில் எந்தக் கண்ணைத் திறந்தாள். ஒரு விவரம் பிசகினாலும் உள்ளிருந்து கண்டிப்பு எழும். கதை முடிவிலே தாய் அவள் காதுக்குள் ஏதோ ஒரு பெயர் சொல்வாள். உடனே அவள் சிரிப்பது கதவுக்கு வெளியே கேட்கும். என்ன பெயர் என்று ஒருநாள் விசாரித்தேன். "அது எங்கட" என்றாள் பேத்தி.

மற்றொன்று, குழந்தை அழும்போது மகள் அவளையும் ஆலோசனை கேட்டாள்: "தம்பி ஏன் அழுகிறான்? பசியோ, வெக்கையோ? நீ என்ன நினைக்கிறாய்?" இதற்கு நூலாதாரமும் உண்டு. ஜூடி டன், கரல் கென்ட்ரிக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பகுதியில் நாற்பது குடும்பங்களை, இரண்டாவது பிள்ளை பிறக்குமுன்பிருந்தே வீட்டுக்கு வீடு சென்று அவதானித்து, 1982இல் ஒரு நூல் வெளியிட்டனர். இளையது பிறந்ததும் தாய் மூத்ததோடு விளையாடுவது குறைந்து, ஏசுவதும் தடுப்பதும் கூடுகின்றன என்று அவர்கள் கண்டனர். இது எங்கள் வீட்டிலிருந்தே எழுதியதுபோல இருக்கிறது. குழந்தையை விருப்பு வெறுப்புள்ள ஓர் ஆளாக எண்ணி, அதைப்பற்றி மூத்த பிள்ளையோடு கலந்து பேசிய வீடுகளிலே பிள்ளைகளிடையே நட்பு மிகுந்திருந்தது என்றும் எழுதினர். என் மகள் அந்நூலைப் படித்தவளல்லள். அவளுக்குக் கிடைத்த மறுமொழியும் எந்த நூலிலும் இராது: "அவனுக்கு ஆக்கள் வந்து மூக்கைப் பற்றிக் கதைக்கிறது பிடிக்கேல்லை."

கயிற்றிலே கொழுக்கி கட்டிக் கிணற்றைத் துழாவினேன். கிலுகிலுப்பை தானாகவே மிதந்தது. செருப்பும் கிடைத்தது. சவர்க்காரப் பெட்டி இன்னும் கீழேதான் கிடக்கிறது. கிணற்றுக்கு வலை போட்டேன். அதை முன்னரே செய்திருக்க வேண்டும். அடித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பேத்தியிடம் தாத்தா மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கமன்று. என் மனைவிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவுமில்லை. அவள் சிறிது யோசித்து, "நோகேல்லை" என்றாள். பொய்தான்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. வீடு கழுவி, மஞ்சள்நீர் தெளித்து, குழந்தைக்கு முடி இறக்கினோம். பரியாரியார் கத்தியை மடிக்கப்போகும் நேரத்தில் மூத்தவள் முன்னே வந்து பலகையில் அமர்ந்து, தனக்கும் மொட்டை அடிக்கவேண்டுமென்றாள். பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்த கூந்தல். எல்லோரும் கூக்குரலிட்டனர். பரியாரியார் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். கடைசியில் நெற்றிக்கு மேலே ஒரு விரற்கடை முடியை மட்டும் வெட்டி, தம்பியின் முடியோடு அதே வெற்றிலையில் வைத்தார். அவள் வெற்றிலையைத் தானே பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் மருத்துவமாது மறுபடி வந்தார். அரைக் கிலோகிராம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, பாதி வந்திருந்தது. இரவிலே பாய் இடைக்கிடை நனைகிறது. போத்தல் கேட்பது நின்றுவிட்டது.

துடக்குக் கழிந்த அன்று மாலை உறவினரெல்லாம் வந்தனர். வடையும் மோதகமும் உண்டு முடித்து, மூக்கைப் பற்றிய வழக்கையும் மீளத் தொடங்கி முடித்தனர். புறப்படும் வேளையில் ஒருவர் விறாந்தைத் தூணடியிலே குனிந்தார்.

"என்ன பிள்ளை, தம்பியை நாங்கள் கொண்டு போகட்டோ?"

நான் உள்ளே போய்விட நினைத்தேன். அவள் தூணைச் சுற்றி ஒருமுறை வந்தாள்.

"இரவைக்குக் கொண்டு போங்கோ. விடியக் கொண்டந்து விடுங்கோ. வெறுங்கையோடை வரக்கூடாது."